பிரஷர் பார்க்கக் கேட்டவர்

மலைநாட்டு ஆஸ்பத்திரிகளில் இருபது வருடம் நர்ஸாக இருந்த சந்திரகாந்தி, மாற்றலாகி வெள்ளவத்தைக் கடற்கரையோரம் குடிவந்த அன்று மாலையே, பக்கத்து வீட்டு யோகேஸ்வரி வந்து பிரஷர் பார்க்கச் சொல்லிக் கையை நீட்டினார்.

சந்திரகாந்தி அவர் கையில் பட்டையைச் சுற்றி, ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். துடிப்பில்லை. அலை வந்து மோதித் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி வைத்தாள். அலைதான்.

"நல்லாத்தான் இருக்குக்கா" என்றாள், எல்லா நோயாளிகளிடமும் சொல்வதுபோல.

"இந்த வீட்டில முதல் இருந்த நர்ஸ் மிஸ்ஸும் இப்பிடித்தான் சொன்னவ" என்று யோகேஸ்வரி சிரித்தார். "பயப்பிடாதேங்கோ. வந்த புதிசில எங்களுக்கும் துடிச்சதுதான். போகப்போக நிண்டிடும்."

அவர் போனதும் கதவைப் பூட்டிவிட்டு, ஸ்டெதஸ்கோப்பைத் தன் நெஞ்சில் வைத்தாள். இதயம் படபடவென்று அடித்தது. அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், ஓர் அலை புறப்பட்டு வந்துகொண்டிருந்தது.