மாஸ்க் வேண்டாம்

யட்டியாந்தோட்டைப் பக்கத்து ஆராய்ச்சிப் பண்ணையில், சிறுநீரகம் மாற்றி வைத்த பன்றியை இந்திராணிதான் பார்த்துக்கொண்டாள். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க, அதன் நோய் எதிர்ப்பு அணுக்களை டொக்டர் மருந்தால் அழித்திருந்தார். பக்கத்தில் யாராவது தும்மினாலே செத்துவிடும். அதனால் சளி பிடித்த மகளைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு தீனி வைத்தாள்.

"பன்னிக்குச் சளி புடிக்கும்னு பெத்த புள்ளைய வெரட்டிட்டா!" என்று தோட்டத்தில் அவள் குடியிருந்த லயமே சிரித்தது.

இன்று டொக்டர் முகமெல்லாம் சிரிப்பு. "மருந்த நிறுத்தின பொறகும் புது கிட்னிய ஒடம்பு ஏத்துக்கிச்சு இந்திராணி. இனி மாஸ்க் வேணாம்."

முதல் தடவையாக வெறுங்கையால் அதன் காதைத் தடவினாள். "பொழச்சிட்ட போ! தீனி வைக்கட்டுங்களா ஐயா?"

"வேணாம். இப்ப கொன்னு அறுத்து உள்ள பாக்கணும்."

காதிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்: "அப்ப மகள கூட்டியாரலாங்களா?"