கூப்பிட்ட இடத்துக்கு

கண்ணாடித் தட்டின் ஒரு ஓரத்தில் அமலோற்பவத்தின் வெள்ளையணுக்கள் கிடந்தன. மறு ஓரத்தில், வெண்புள்ளி படரும் தோல் கசியவிடும் ரசாயனத்தின் ஒரு துளியை அவளே விட்டாள். நுண்ணோக்கியில் அணுக்கள் அசைந்தன. பிறகு ஒன்றுகூட வழிதவறாமல் துளியை நோக்கி ஊர்ந்தன.

"யாரு ரத்தம்க்கா இது? எவ்வளவு ஒழுங்கா போகுது!" என்றான் ஆய்வகத்தில் கூட வேலை பார்க்கும் பூவராகன்.

"என்னோடதுதான்."

அவன் பார்வை அவளுடைய கையுறைக்குப் போய்த் திரும்பியது. பதினோரு வருடமாக விரல்நுனியிலிருந்து மணிக்கட்டு வரை வெளுத்துக்கொண்டே வந்த கை அது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரி எழுந்து வேறு வரிசைக்குப் போனபோதெல்லாம் வீட்டில் ஒரே பேச்சு: ரத்தம் கெட்டுப்போச்சு.

"இதுவா கெட்ட ரத்தம்? கூப்பிட்டதும் போகுது. போன இடத்தில நிறத்தையே தின்னுடுது. கூப்பிடறது யாரு? என் தோல்தான்," என்றாள்.

இரண்டாவது தட்டிலும் அவள் ரத்தம்தான். ஆனால் அந்த அழைப்பை வாங்கும் ஏற்பிகளை, ஒவ்வொரு அணுவின் மேலும், மருந்தால் முன்பே அடைத்திருந்தாள். அதே துளியை விட்டாள். பத்து நிமிடம் போயிற்று, இருபது போயிற்று. அணுக்கள் உயிரோடுதான் இருந்தன. இருந்த இடத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை மதியத்து மனிதர்களைப் போலப் புரண்டுகொண்டிருந்தன.

"உடம்புக்குள்ளேயும் இப்படியே இருக்குமாக்கா?"

அமலோற்பவம் கையுறையைக் கழற்றி, வெளுத்த கையை விளக்கடியில், தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இப்பக் கூப்பிடு, பார்ப்போம்," என்றாள் அந்தக் கையிடம்.