மேம்பாலத்தில் குடங்கள்

போலீஸ் வரைபடத்தில் எங்கள் ஹவுசிங் போர்டு சிவப்பு. சிவப்புக்குள் போலீஸ் வராது.

அன்று பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் இரண்டு கும்பல்கள் கத்தியோடு இறங்கின. ஸ்டெல்லா அக்கா அவசர எண்ணை அழைத்தாள்.

“உங்கள் பகுதி ஆபத்தானது. காவலர்களின் பாதுகாப்புக் கருதி யாரையும் அனுப்ப இயலாது,” என்றது இயந்திரக் குரல். போன வருஷம் அவள் தம்பி வெட்டுப்பட்டுக் கிடந்தபோதும் இதே குரல், இதே மரியாதை.

தண்ணீர் லாரிக்காக வரிசையில் வைத்திருந்த குடத்தை அவள் தூக்கிக்கொண்டாள். நாங்களும் தூக்கினோம். எங்கள் தலைக்கு மேலே போகும் மேம்பாலம் வரைபடத்தில் பச்சை. மேலே ஏறி அதன் குறுக்கே குடங்களை வரிசையாக வைத்தோம். வரிசையில் வைத்த குடத்தை எங்கள் பக்கம் ரவுடிகூடத் தொடமாட்டான்.

கார்கள் நின்றன. உடனே மூன்று வண்டி போலீஸ் வந்தது.

“குடத்த எடும்மா, டிராஃபிக் நிக்குது,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கீழ கத்தியோட நிக்கிறானுங்க சார். மொதல்ல அவனுங்கள எடுங்க.”

“கீழ சிவப்பும்மா. எங்களுக்கு ஆர்டர் இல்ல.”

ஸ்டெல்லா அக்கா தன் குடத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்ப இனிமே நாங்க பச்சையிலயே குடியிருக்கோம்,” என்றாள். எங்கள் பக்கம் திரும்பினாள். “பசங்கள மேல கூட்டினு வாங்கடி. அப்டியே அடுப்பையும் எடுத்துனு வாங்க.”