ஒற்றைச் சில்லு

"தள்ளடா பரமலிங்கம். பொம்பிளை வீட்டுப் பலகாரத்தை நினைச்சுக்கொண்டு தள்ளு."

உழவு மிசினின் பெரிய சில்லுக்கு மேலிருந்த மட்காட்டில் பட்டு வேட்டியும் குடையுமாகக் குந்தியிருந்தபடி கனகசபை மகனை ஏவினார். பின்னால் முழங்கால் சேற்றுக்குள் நின்று பரமலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினான். காலையில் உடுத்த மாப்பிள்ளை உடுப்பில் வெள்ளையைத் தேடவேண்டியிருந்தது.

கார்த்திகை வெள்ளம் வேலணை றோட்டை மேவிவிட்டது. வீட்டுக் கார் வாசலைத் தாண்டாது. அதனால்தான் மாடு மேயும் தரவை வெளிக்குள்ளால் இந்தக் குறுக்குப் பயணமும், இந்த மிசினும், இதை ஓட்டுகிற மனுவேலும். அல்லைப்பிட்டி மீன்காரப் பெடியன். வேறு ஆள் அகப்படவில்லை என்று பரமலிங்கம்தான் இவனைக் கூட்டிவந்தான். மகனுக்கு ஆள் பிடிக்கக்கூடத் தெரியாது என்பது கனகசபையின் நெடுநாள் முடிவு.

நாளைக்கு மார்கழி பிறக்கிறது. இன்று பத்தரைக்குள் நாரந்தனை ஆழ்வாப்பிள்ளை வீட்டில் நிச்சயம் முடியவேண்டும். இல்லையென்றால் அந்த மனிசன் காத்திருக்கமாட்டார். பொம்பிளை கேட்டு இன்னொரு பகுதி படலையடியில் நிற்கிறது. கல்வீடும் பனங்காணியும் கையைவிட்டுப் போய்விடும்.

இடது சில்லு சேற்றை வாரி வாரி அடித்துக்கொண்டு சுழன்றது. நல்ல இறுக்கமான தரையில் நின்ற வலது சில்லு அசையவேயில்லை.

"ஏன்டா, மற்றது சுத்தாதோ?"

"லேசாச் சுத்துற சில்லுக்குத்தான் எஞ்சின் பெலன் முழுக்கப் போகும் ஐயா. பிடிப்பிருக்கிறது சும்மா நிக்கும்."

"நல்ல மிசின். உன்னைப்போலை ஒரு வீணன் ஆட, வேலைகாரன் பாத்துக்கொண்டு நிக்கிறான். ரண்டையும் சேத்துப் பூட்ட ஏலாதோ?"

"ஏலும். அதுக்குத்தான் இந்த மிதி. ஆனால் கனகாலமாப் பழுது ஐயா."

மனுவேலின் வலது குதிக்காலடியில் ஒரு சின்ன இரும்பு மிதி இருந்தது. பெயின்ற் எல்லாம் தேய்ந்து பளபளவென்று கிடந்தது. கனகசபை அதைப் பார்த்து மூக்கால் சிரித்தார்.

"உங்கடை ஆக்களின்ரை கையிலை குடுத்தால் எதுதான் பழுதாகாது."

மனுவேல் தலையைச் சொறிந்தான். "அப்ப எந்தக் கியரிலை போட? ஐயாதான் சொல்லவேணும்."

"கார் வைச்சிருக்கிறவனைக் கேட்டாயே, அது புத்தி. பெரிய கியரைப் போட்டு நல்லா அமத்து."

அவன் சொன்னபடியே போட்டான். பெரிய கியரில் எஞ்சின் திணறியது, பிறகு சில்லு காற்றாய்ச் சுழன்று, கிடந்த சேற்றையும் தோண்டிக்கொண்டு அச்சுவரை இறங்கியது. பரமலிங்கத்தின் முகத்தில் கண் மட்டும்தான் மிச்சம்.

கனகசபை மணிக்கூட்டைப் பார்த்தார். பத்தரை போய்விட்டது.

"ஒருத்தனுக்கு ஓட்டத் தெரியாது, ஒருத்தனுக்குத் தள்ளத் தெரியாது. இதுகளை நம்பி வெளிக்கிட்ட என்னைச் சொல்லவேணும்."

"நீங்கள் வீட்டை நடவுங்கோ அப்பா. நான் இதைக் கரையேத்திவிட்டு வாறன்."

"ஏத்து, ஏத்து. உனக்கும் இவனுக்கும் நல்ல பொருத்தம்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வந்த வழியே நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் மனுவேலின் பரம்பரையைத் திட்டினார். இனி இந்தச் சென்மத்தில் அவன் வீட்டாரின் முகத்தில் முழிப்பதில்லை என்று முடிவும் எடுத்தார்.

கூப்பிடு தூரம் போயிருக்கமாட்டார். பின்னால் எஞ்சின் சத்தம் மாறியது. சின்னக் கியரின் ஆறுதலான, கனத்த உறுமல்.

திரும்பிப் பார்த்தார். இரண்டு சில்லும் ஒன்றாய்ச் சேர்ந்து சுற்றின. ஒருவரும் தள்ளவில்லை. பரமலிங்கம் ஒதுங்கி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்க, மிசின் தன்பாட்டில் ஊர்ந்து மேலே ஏறி, நாரந்தனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அல்லைப்பிட்டிப் பக்கம் திரும்பி நின்றது.

எஞ்சின் சத்தத்துக்கு மேலால் மனுவேல் கத்தியது காற்றோடு தெளிவாக வந்தது.

"கெதியா ஏறுங்கோ அத்தான், அக்கா மாதா கோயிலடியிலை பாத்துக்கொண்டு நிக்கிறா."