ரசப் பாத்திரத்தின் மூடி

இருபதாம் நூற்றாண்டின் போர்களையெல்லாம் ஒரே வாக்கியத்தில் நிறுத்திவிடலாம் என்று உமாபதி கண்டுபிடித்திருந்தான்.

"ஆள் இல்லாத இடத்துக்காக அழ ஆள் தேவையில்லை."

ஐக்கிய நாடுகள் சபை இன்னும் அவனைக் கூப்பிடவில்லை. நஷ்டம் சபைக்குத்தான்.

அதுவரை, பிரெஞ்சு பேசும் ஒரு குளிர் நகரத்தின் கோத்-தெ-நேஜ் பகுதியில், ஒரு மூன்றாம் மாடி வாடகை வீட்டில், கூடத் தங்கியிருந்த துவானிடம் அந்த வாக்கியத்தைச் சோதித்துக்கொண்டிருந்தான்.

துவான் சைகோன்காரன், தெற்கு வியட்நாம். அன்று வியட்நாமியருக்குப் புது வருஷம். எழுபத்துநாலு ஜனவரி, புதன்கிழமை மத்தியானம். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமே பனி படிந்திருந்தது.

நாலு நாளுக்கு முன்னால், தென்சீனக் கடலில் சில மணல்திட்டுகள் யாருக்குச் சொந்தம் என்று சீனக் கப்பல்களும் சைகோன் கப்பல்களும் சுட்டுக்கொண்டன. சைகோன் கப்பல் ஒன்று மூழ்கியது.

அதில் துவானின் அண்ணன் இருந்தான்.

பிழைத்தவர்கள் பட்டியல் வரவில்லை. செத்தவர்கள் பட்டியலும் வரவில்லை. சைகோனுக்கு ட்ரங்க் கால் பதிவு செய்து மூன்று நாளாகிறது. கூப்பிட்டுக் கேட்கும்போதெல்லாம் ஆப்பரேட்டர் அம்மாள், பொறுமை மெஸ்யூ, பொறுமை என்கிறாள்.

துவானால் வாய்விட்டு அழவும் முடியாது. அவன் மாணவர் சங்கம் சைகோன் அரசாங்கத்துக்கு எதிரி, வடக்கின் பக்கம். பனியில் கோஷ அட்டை பிடித்து ஊர்வலம் நடந்தவன் அவன். தீவு விஷயத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டுவிட்டது. வடக்கு வியட்நாமுக்கு அரிசியும் துப்பாக்கியும் அனுப்புவது சீனாதானே.

அண்ணனுக்குக் கடைசியாக எழுதிய கடிதத்தில் 'சம்பளத்துக்குச் சுடுகிறவன்' என்று எழுதியிருந்தான். அதற்கும் பதில் வரவில்லை.

இப்போது சோறு வடித்து, தெப்பனர் என்று இங்கே சொல்கிற மூலைப் பெட்டிக்கடையில் வாங்கிய முட்டையைப் பொரித்து, மேஜையில் மூன்று கிண்ணம் வைத்தான்.

இதில் உமாபதிக்குக் கிண்ணம் கணக்கில்லை. அவன் எவர்சில்வர் தட்டில்தான் சாப்பிடுவான். டிரங்குப் பெட்டியில் அம்மா இரண்டு தட்டு வைத்து அனுப்பியிருந்தாள். ஒன்றில் சாப்பாடு. மற்றது மூன்று வருஷமாக ரசப் பாத்திரத்துக்கு மூடி.

ராமேஸ்வரத்திலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்திலும், மகன் சௌக்கியமா என்பதற்கு முந்தின வரியில் அம்மா கேட்பாள்: ரெண்டு தட்டும் பத்திரமா?

தாய்ப்பாசத்தில் தட்டுக்கு அடுத்த இடம்தான் தனக்கு என்று சொல்லி உமாபதி பல வீடுகளில் சிரிக்க வைத்திருக்கிறான்.

"சாப்பிடறது நீ ஒருத்தன். மூணு கிண்ணம் எதுக்குடா? பீக்கிங்லேர்ந்து விருந்தாளி வர்றாங்களா?"

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு, உனக்கு வேண்டாட்டியும் உனக்கு." துவான் மூன்றாவதில் சோறு போட்டான். "இது அண்ணனுக்கு. வருஷப் பிறப்பன்னிக்கு ஊர்ல இல்லாதவங்களுக்கும் வைப்போம்."

உமாபதி காத்திருந்தது இதற்குத்தான்.

"பிரமாதம். ஆளில்லாத திட்டுக்குச் சண்டை, ஆளில்லாத கிண்ணத்துக்குச் சோறு. ரெண்டுக்கும் ஒரே மண்டைதான் வேணும்."

துவான் அந்தக் கிண்ணத்தில் முட்டைத் துண்டு ஒன்றை வைத்தான்.

பதில் வராத கிண்டல் உமாபதிக்கு ஆகாது. மூன்றாவது கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்த சாப்பாட்டுக் குச்சி இரண்டையும் எடுத்தான். வாழைப்பழத்தில் ஊதுபத்தி குத்துகிற மாதிரி, சோற்றின் நடுவில் நேராக நட்டான்.

"வந்ததும் தேட வேண்டாம் பாரு, தயாரா இருக்கட்டும்."

துவானின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. அடிக்கப் போகிறான் என்று நினைத்து உமாபதி ஒரு எட்டு பின்னால் வைத்தான்.

துவான் அடிக்கவில்லை. குச்சிகளை மெதுவாகப் பிடுங்கினான். ஒட்டியிருந்த பருக்கைகளை விரலால் வழித்தான். கிண்ணத்தின் ஓரம் படுக்கவைத்தான். ஒரு குச்சி உருண்டது, மறுபடி வைத்தான்.

"நட்டு வெச்சா செத்தவங்களுக்கு. படுக்க வெச்சா வர்றவங்களுக்கு."

டெலிபோனைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நாலு நாளா அதை யாரும் சொல்லல உமா. நானும் சொல்லல. நீ சொல்லிட்ட."

உமாபதியிடம் எல்லாவற்றுக்கும் ஒரு வாக்கியம் இருக்கும்.

அடுப்படிக்குப் போனான். ரசப் பாத்திரத்தின் மூடியை எடுத்தான். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினான். புளிக் கறை போகாத இடத்தைச் சட்டை நுனியால் தேய்த்தான்.

மூன்றாவது கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்தத் தட்டை வைத்தான். சோறு போட்டான். வலது கைப்பக்கம் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தான்.

தட்டின் விளிம்பில் பாத்திரக்கடைக்காரன் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தைத் துவான் விரலால் தடவினான்.

"உன் பேரா?"

உமாபதி இல்லையென்று தலையாட்டினான்.

பசுபதி.

அறுபத்துநாலு டிசம்பர், புயல் ராத்திரி, பாம்பனில் தனுஷ்கோடி ரயில் ஏறின உமாபதியின் அண்ணன். கடல் வாரிக்கொண்டுபோன ரயில் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. ஒன்பது வருஷமாக அவன் படத்துக்கு மாலை போட அம்மா யாரையும் விட்டதில்லை.

உமாபதி மேஜை டிராயரைத் திறந்து இரண்டு குச்சி எடுத்தான். பசுபதி பிறந்ததிலிருந்து கையால் பிசைந்து சாப்பிட்டவன்.

இருந்தாலும் தட்டின் ஓரம் வைத்தான்.

படுக்கவைத்து.