சிரித்தால் திறக்கும் கதவு

இரண்டாவது முறையும் கதவு திறக்கவில்லை. "குரல் பொருந்தலைங்க. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான்" என்றது. அதுவும் போனால் காலை வரை பூட்டுதான். உள்ளே மகள் இதழி காய்ச்சலோடு தனியாக இருந்தாள். ஆறு வயதுக் குழந்தை சொன்னால் அந்தக் கதவு கேட்காது.

நறுமுகை கைப்பையைக் கீழே வைத்தாள். லீவு கேட்டும் கிடைக்காமல் ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்ற கால்கள் விண்விண்ணென்று தெறித்தன. கதவுக்கென்ன, அதற்குக் காலா வலிக்கிறது?

கதவு எதிர்பார்ப்பது, புதுவீட்டில் பால் காய்ச்சிய அன்று அதில் பதிந்த அவள் குரலை. "புருஷன் பேரைச் சொன்னாத்தான் உள்ள விடுவோம்" என்று நாத்தனார்கள் வாசலை மறித்தார்கள். அவள் வெட்கமும் சிரிப்புமாக "எழில்வேந்தன்" என்றாள். விளையாட்டாக அந்தச் சிரிப்புக் குரலையே கடவுச்சொல்லாக்கிவிட்டார்கள். மாற்ற வேண்டுமானால் வீட்டின் நிர்வாகி அனுமதிக்க வேண்டும். நிர்வாகி எழில்வேந்தன்தான். அவன் வேறொருத்தியோடு போய் இரண்டு வருடமாகிறது. போன் போட்டால் எடுப்பதில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றைய பட்டுப்புடவையையும் வாசலை மறித்த வளையல் கைகளையும் நினைத்துக்கொண்டாள். பிறகு வாய்விட்டுச் சிரித்து, அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அவன் பெயரைச் சொன்னாள்.

"வாங்க நறுமுகை" என்று கதவு திறந்தது.

பாயில் சுருண்டு கிடந்த இதழி மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, தினம் வெளியிலயே சிரிச்சு முடிச்சிடுற. ஒரு நாளாவது உள்ள வந்து சிரியேன்மா."