எட்டுக் கை சிப்

ஜவுளிக்கடைக் கம்ப்யூட்டருக்குள் புதிதாக ஒரு சிப் வந்து உட்கார்ந்தது. அதற்கு எட்டுக் கைகள். பில் போடும் பழைய மென்பொருளோ எல்லா வேலையையும் ஒரே கையில் திணித்தது. அந்தக் கை கொதித்தது.

"அண்ணே, மிச்ச ஏழு கையும் சும்மாதானே இருக்கு!" என்று சிப் பதறியது.

மென்பொருள் திடுக்கிட்டது. "ஏழா? என்னை எழுதின காலத்துல சிப்புக்கு ஒரே கைதானே தம்பி!"

"இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே, குடுங்க!"

"எப்படிக் குடுப்பேன்? எனக்கு எழுதிவச்சது அவ்வளவுதான்."

தீபாவளிக் கூட்டத்தில் பில் நகரவே இல்லை. "சிப்பு சரியில்லப்பா!" என்று முதலாளி கத்தினார். கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து அதைக் கழற்றி மேசையில் போட்டார்.

ஒரு வேலையும் பார்த்திராத ஏழு கைகளோடு கிடந்த சிப், நிமிர்ந்து பார்த்தது. மெக்கானிக் பெட்டியைப் பிரித்து எடுத்த புதிய சிப்புக்குப் பதினாறு கைகள்.